கடைக்கு நடந்து போய்வரலாமா?

கேள்வி: எனக்கு 68 வயது. மனைவிக்கு முழங்கால் வருத்தம். மோட்டார் சைக்கிள் ஓடுவதை விட்டுவிட்டேன். யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட ஒரு வீடும், கோண்டாவிலில் உள்ளொழுங்கை ஒன்றில் இன்னொரு வீடும் வாடகைக்கு வந்திருக்கின்றன. ரொறன்ரோவில் இருக்கும் மகன் ‘வோக் ஸ்கோர்’ (கடைகளுக்கு நடந்துபோக ஓர் இடம் எவ்வளவு வசதி என்று இணையத்தில் போடும் புள்ளி) பார்த்து எடுக்கச் சொல்கிறான். இங்கே அதை எப்படிப் பார்ப்பது?

பதில்: அந்தப் புள்ளியை இங்கே நம்பி வீடு எடுக்க வேண்டாம். 5 நிமிட நடைக்குள் கடை இருந்தால் முழுப் புள்ளி, 30 நிமிடத்துக்கு அப்பால் இருந்தால் பூச்சியம் என்பதுதான் அதன் கணக்கு. நம் ஒழுங்கை முகப்பில் பாணும் பால்மாவும் விற்கும் கடை பல வேளைகளில் வரைபடத்திலேயே இராது. பூட்டிப்போன கடை இருக்கும்.

நீங்களே கணக்குப் பாருங்கள். முழங்கால் வருத்தத்தோடு நடப்பவருக்கு நிமிடத்துக்கு 50 மீற்றர் என்று வையுங்கள். 600 மீற்றர் போக 12 நிமிடம்; பையோடு திரும்ப 15. பாண், மரக்கறி, மீன் என அன்றாடம் வாங்குபவை 400 மீற்றருக்குள் கிடைத்தால் போதும். பலசரக்குக்கும் பாமசிக்கும் 800 வரை போகலாம். கிளினிக், வங்கி போன்றவை மாதத்துக்கு ஒருமுறைதான். அவற்றுக்கு ஓட்டோ பிடியுங்கள், வீட்டுத் தெரிவில் சேர்க்காதீர்கள். தூரத்தை வளவுப் படலையிலிருந்து கால் போகும் வழியே அளக்க வேண்டும். கோண்டாவில், கொக்குவில் பக்கம் தண்டவாளம் குறுக்கே கிடக்கிறது. எதிரே தெரியும் கடைக்குப் போகக் கடவை வரை சுற்ற வேண்டி வரலாம்.

ஆனால் தூரத்தை விட வீதியைக் கடப்பதுதான் பெரிய பாடு. 7 மீற்றர் அகல வீதியைக் கடக்க உங்கள் மனைவிக்கு ஏறக்குறைய 9 விநாடி பிடிக்கும். 50 கி.மீ. வேகத்தில் வரும் வான் அதற்குள் 125 மீற்றர் வந்துவிடும். திருநெல்வேலிச் சந்தியால் போகும் பலாலி வீதியில், நீங்கள் கடக்கப்போகும் இடத்தில் நின்று, வாகனம் கண்ணில் பட்டதிலிருந்து உங்களைத் தாண்டும் வரை எண்ணிப் பாருங்கள். 10 எண்ணுவதற்குள் தாண்டினால் அந்த இடம் வேண்டாம். பாதசாரிக் கடவை இருந்தாலும் எண்ணத்தான் வேண்டும்.

அடுத்து, வெள்ளவாய்க்கால் மூடிகள். நடைபாதை என்று நமக்கு இருப்பது பெரும்பாலும் அவைதான். ஒவ்வொரு மூடியிலும் ஒரு காலை ஊன்றிப் பாருங்கள். ‘டக்’ என்று ஆடினால் விளிம்பு உடைந்திருக்கலாம். மூடியைத் தூக்க விட்ட ஓட்டைக்குள் கைத்தடியின் நுனி இறங்கும், விழுவது அப்படித்தான். கடைக்காரர் பலகையும் சைக்கிள்களும் மூடிக்கு மேல் நின்றால் இறங்கி வீதியால்தான் போகவேண்டும். இதைக் காலை 8 மணிக்குப் பாருங்கள், ஞாயிறு மத்தியானம் அல்ல.

கோண்டாவில் ஒழுங்கைக்கு மழைச் சோதனை. மதிலின் அடியில் பாசிக்கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? கணுக்காலுக்கு மேல் என்றால் ஐப்பசி, கார்த்திகையில் வெளியே இறங்கமாட்டீர்கள். கிடுகு வேலி இருந்தவரை வெள்ளம் பக்கத்து வளவுக்குள் வடிந்தது. மதில் எழுந்தபின் ஒழுங்கைதான் வாய்க்கால். மதிலால் ஒரு நன்மையும் உண்டு: வடக்குத் தெற்காக ஓடும் ஒழுங்கையில் கிழக்குப் பக்கத்து ஆறடி மதில் காலை 9 மணிக்கும் ஏறக்குறைய ஆறடி நிழல் தரும்.

பாசிக்கோடு தாழ இருந்து, பலாலி வீதியைக் கடக்காமலே அன்றாடச் சாமான் வாங்கலாம் என்றால் கோண்டாவில் வீட்டையே எடுங்கள். சந்திக்குக் கிட்ட என்பதற்காக மட்டும் திருநெல்வேலி வேண்டாம்.

கேள்வி: சில்லுப் பை வாங்கினேன், ஒழுங்கைக் கல்லில் இழுபடவில்லை. சாமானை எப்படிக் கொண்டுவருவது?

பதில்: சில்லு சிறிது. சின்னச் சில்லு கல்லில் ஏறாது, முட்டி நிற்கும். விட்டம் 15 செ.மீ.க்குக் குறையாத றப்பர் சில்லு தேவை. அதைவிட நல்லது, வீட்டில் சும்மா நிற்கும் லேடீஸ் சைக்கிள். ஓட வேண்டாம், உருட்டினால் போதும். அரிசி, தேங்காயைப் பின் கரியரில் கட்டுங்கள். முன்கூடையில் பாரம் ஏற்றினால் நின்ற இடத்தில் ஹாண்டில் திரும்பிச் சைக்கிள் சரியும். இரட்டைக்கால் ஸ்ராண்ட் பூட்டிக்கொள்ளுங்கள்; ஒற்றைக்கால் ஸ்ராண்ட் மணலில் புதையும்.

கேள்வி: இரவில் பாமசிக்குப் போகையில் எந்தப் பக்கத்தால் நடப்பது?

பதில்: நடைபாதை இல்லாத இடத்தில் வலப்பக்கத்தால், வாகனத்தை எதிர்கொண்டு. வலப்பக்கம் வளையும் முடக்கில் மதில் மறைக்கும். அதற்கு முன்பே இடப்பக்கம் மாறிவிடுங்கள். டோர்ச்சை நிலத்துக்குப் பிடியுங்கள், கண்ணுக்கு நேரே பிடித்தால் வருகிறவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள்.