கொலுசுக்கு மேலே தீராத அரிப்பு: பேசினால் போகுமா?

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

என் வயது 38. செவ்வாய்ப்பேட்டையில் கணவருக்குக் கொலுசுப் பட்டறை. கணக்கு என் பொறுப்பு. இடது கணுக்காலுக்கு மேல் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தடித்துக் கறுத்து இரண்டு வருடமாகிறது. இரவு பத்து மணிக்குக் கணக்கு நோட்டைத் திறந்தால் அரிப்பும் தொடங்கும். ரத்தம் பார்த்தால்தான் கை நிற்கும். தோல் மருத்துவர் சுரண்டி எடுத்துப் பரிசோதித்து, படர்தாமரை இல்லை, 'நியூரோடெர்மடைட்டிஸ்' என்றார். களிம்பு கொடுத்து, உளவியல் ஆலோசகரிடமும் அனுப்பினார். இரண்டு முறை போனேன். ஊசி இல்லை, மாத்திரை இல்லை, 'இதைச் செய்' என்று ஒரு வார்த்தை இல்லை. சொறியும் நேரத்தை எழுதிவரச் சொல்லி ஒரு நோட்டு மட்டும் கொடுத்தார். "பேசினா அரிப்பு போயிடுமா?" என்கிறார் கணவர். மாமியார் கோட்டை மாரியம்மனுக்கு உப்பு மிளகு வேண்டிக்கொண்டு, கத்தரிக்காயும் கருவாடும் கரப்பான் பண்டம் என்று நிறுத்திவிட்டார். ஏற்காட்டில் அக்கா வீட்டில் ஒரு வாரம் இருந்தபோது அரிப்பு பாதியாகக் குறைந்தது. அப்படியென்றால் எனக்கு மனநோயா? மூன்றாவது முறை போகலாமா?

பெயர் வேண்டாம், சேலம்

அன்புச் சகோதரிக்கு,

போங்கள். களிம்பையும் நிறுத்தாதீர்கள். உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. வெறும் பேச்சில் அரிப்பு போகாது. ஆனால் அந்த நோட்டுதான் சிகிச்சையின் முதல் படி. அது எதற்கு என்று யாரும் உங்களுக்கு விளக்காமல் விட்டதுதான் குறை.

நியூரோடெர்மடைட்டிஸ் என்பது இதுதான்: சொறியச் சொறியத் தோல் தடிக்கும். தடித்த தோல் இன்னும் அரிக்கும். இரண்டு வருடத்தில் இது பழக்கமாகி, அரிப்பே இல்லாத நேரத்திலும் கை தானாகக் கணுக்காலுக்குப் போகும். இது பைத்தியமும் இல்லை, கற்பனையும் இல்லை. தோலைக் களிம்பு பார்த்துக்கொள்ளும். கையை நாம்தான் பழக்க வேண்டும். அஸ்ரின், நன் என்ற இரு உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட பழக்கமாற்றுப் பயிற்சி இதற்குப் பயன்படுகிறது.

முதல் வாரம் சொறிவதை நிறுத்த முயலவே வேண்டாம், எண்ணுங்கள். ஜபம் எண்ண விரலில் மாட்டும் சின்ன கவுண்டர் போதும். கை போகும்போதெல்லாம் ஓர் அழுத்து. மற்ற காலால் தேய்ப்பதும் கணக்குத்தான். பலர் அதை விட்டுவிடுகிறார்கள். இரவு மொத்தத்தையும், எந்த நேரத்தில் அதிகம் என்பதையும் நோட்டில் எழுதுங்கள். இரண்டாம் வாரம் முதல், கை கிளம்பியதும் இரண்டு கையையும் முஷ்டி பிடித்து 30 வரை எண்ணுங்கள். அதற்குப் பிறகும் அரித்தால் அந்த இடத்தில் நகத்தை அசைக்காமல் அழுத்திப் பிடியுங்கள், கீறக்கூடாது. வீட்டில் யாரும் "சொறியாதே" என்று அதட்ட வேண்டாம். அதட்டினால் சொறிவது குறையாது, ஒளிந்து சொறிவதுதான் நடக்கும்.

தோல் பார்வைக்கு நன்றாகிவிட்டது என்று களிம்பை நிறுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. உள்ளே ஆற இன்னும் சில வாரம் ஆகும். எப்போது, எப்படிக் குறைப்பது என்பதை மருத்துவர் சொல்லட்டும். மருந்துக்கடையில் கேட்டு வேறு ஸ்டீராய்டு களிம்பு வாங்கிப் பூசாதீர்கள். வெந்நீர் ஊற்றினால் அப்போதைக்குச் சுகமாக இருக்கும், பிறகு தோல் காய்ந்து இருமடங்கு அரிக்கும். குளித்த ஈரம் காயும் முன் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவுங்கள்.

ஏற்காட்டு வாரத்தை வைத்து 'மனசுதான்' என்று முடிவுகட்ட வேண்டாம். அங்கே குளிர்ச்சி, வியர்வை குறைவு. பட்டறைத் திராவகம் இல்லை. பத்து மணிக் கணக்கும் இல்லை. எது காரணம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். முதலில் அந்தக் காலின் கொலுசை நான்கு வாரம் கழற்றி வையுங்கள் (பட்டறைக்காரர் வீட்டில் இதைச் சொல்வது எளிதல்ல, தெரியும்). கலப்பு உலோகத்தில் நிக்கல் இருந்தால் அதுவே ஒவ்வாமை தரலாம். சந்தேகமிருந்தால் பேட்ச் டெஸ்ட் கேளுங்கள்: ஒவ்வாமை தரக்கூடிய பொருட்களை முதுகில் ஒட்டி 48 மணி நேரத்தில் ஒருமுறை, 96 மணி நேரத்தில் ஒருமுறை பார்ப்பார்கள். அடுத்து, கணக்கு எழுதும் நேரத்தைப் பகலுக்கு மாற்றுங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்தால் எது உதவியது என்று தெரியாது.

'இப்படிச் செய்' என்று ஒரு வார்த்தை எதிர்பார்த்ததில் தவறே இல்லை. நம் ஊரில் வைத்தியரும் பூசாரியும் பெரியவரும் அப்படித்தான் சொல்கிறார்கள். மனநல மருத்துவர் ஜே. எஸ். நேகி 1973லேயே, இந்திய நோயாளிகள் சிகிச்சையாளரிடம் எதிர்பார்ப்பது குரு–சிஷ்ய உறவை ஒத்தது என்று எழுதினார். எனவே உங்கள் ஆலோசகரிடம் நேராகக் கேளுங்கள்: "இந்த நோட்டு எதற்கு? எத்தனை முறை வரணும்? குறைந்திருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வீங்க?" பதில் சொல்லத் தயங்குபவர் என்றால் வேறு ஒருவரைப் பார்ப்பது நியாயமே.

மனப்பயிற்சி தோலுக்கு உதவுமா என்பதற்கு, உங்கள் நோய் அதுவல்ல என்றாலும், சொரியாசிஸில் ஓர் ஆய்வு உண்டு. 1998இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் கபட்-சின் குழுவினர் 37 நோயாளிகளிடம் பார்த்தார்கள். ஒளிச்சிகிச்சையின்போது மனதை நிலைநிறுத்தும் ஒலிப்பதிவு கேட்டவர்களுக்குத் தோல் சீக்கிரம் தெளிந்தது. சிகிச்சையோடு சேர்த்துத்தான், அதற்குப் பதிலாக அல்ல.

மாரியம்மனுக்கு உப்பு மிளகு போடுங்கள். வெடித்த தோலில் மட்டும் உப்போ மஞ்சளோ வேண்டாம். கத்தரிக்காய் தின்று அரிப்பு கூடியதை நீங்களே பார்த்திருந்தால் விடுங்கள், இல்லையென்றால் சாப்பிடலாம். சீழ், காய்ச்சல் என்றால் அன்றே மருத்துவரிடம் போங்கள். தூக்கம் கெட்டு வாழ்வே வெறுத்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416க்கு அழையுங்கள். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

மூன்றாவது முறை போகும்போது ஏழு நாள் எண்ணிக்கை எழுதிய நோட்டு கையில் இருக்கட்டும். ஒருநாள் எண்ண மறந்திருந்தால் 'மறந்தேன்' என்றே எழுதுங்கள்.