மகன் மின்சார வேலைக்குப் போகட்டும், ஆனால் தாளைப் பாருங்கள்

அக்கா, எஸ்பிஎம் (மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த பையன் வயரிங் வேலைதான் வேண்டும் என்கிறான், வீட்டில் தனியார் கல்லூரி டிப்ளோமாவுக்கு முன்பணம் கட்டச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இப்போதைக்குக் கட்டாதீர்கள். விருப்பமில்லாமல் சேர்ந்து பாதியில் நின்றாலும் அதற்கு வாங்கிய கடனை அடைத்தே ஆகவேண்டும்.

அவனுக்குப் பொருத்தம் எஸ்கேஎம் என்ற மலேசியத் தொழில்திறன் சான்றிதழ். நிலை 1 முதல் 3 வரை சான்றிதழ், 4 டிப்ளோமா (டிகேஎம்), 5 உயர் டிப்ளோமா. பினாங்கிலேயே தொழிற்பயிற்சி மையங்கள் உண்டு: புக்கிட் மின்யாக்கில் ஜேஎம்டிஐ, பாயான் லெப்பாசில் பிஎஸ்டிசி. வகுப்பறையே ஆகாது என்றால் எஸ்எல்டிஎன் என்ற தேசிய இரட்டைப் பயிற்சி முறையைப் பாருங்கள். பயிற்சியில் பெரும்பகுதி வேலையிடத்தில்தான்.

பலர் கோட்டை விடுவது ஒரு தாளில். பயிற்சி மையத்துக்கு ஜேபிகே (அரசின் திறன் மேம்பாட்டுத் துறை) அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. எந்தப் பாடத்துக்கு, எந்த நிலை வரை, எந்தத் தேதி வரை என்று அங்கீகாரக் கடிதத்தையே வாங்கிப் பாருங்கள். நிலை 2 வரைதான் என்றால் 3க்கு வேறு மையம் தேட வேண்டிவரும். மையத்தின் விளம்பரத் தாளை நம்பாதீர்கள், அதில் எல்லாமே அங்கீகாரம்தான்!

இன்னொன்று: எஸ்கேஎம் மட்டும் வைத்துக்கொண்டு வீட்டு வயரிங்கைச் சோதித்துக் கையெழுத்துப் போட முடியாது. அதற்கு சுருஹான்ஜாயா தெனாகா என்ற எரிசக்தி ஆணையத்தின் வயர்மேன் தகுதிச் சான்றிதழ் தனியாக வேண்டும். அதற்கும் அந்த மையம் தயார்படுத்துமா என்று முதல் நாளே கேளுங்கள். பயிற்சிக் கட்டணத்துக்கு பிடிபிகே என்ற அரசுத் திறன் மேம்பாட்டு நிதியின் கடன் உண்டு. பின்னால் பட்டம் வேண்டுமென்றால் டிகேஎம் வைத்து யுடிஇஎம், யுனிமேப் போன்ற அரசுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கலாம்.