பாதரசம்: வேலூர் வட்டார வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

வீட்டில் தெர்மாமீட்டர் உடைந்து பாதரசம் சிதறிவிட்டது. இரண்டு வயது மகன் ஒரு துளியை விழுங்கிவிட்டானோ என்று பயமாக இருக்கிறது, ஐயா. (சத்துவாச்சாரி)

பதறாதீர்கள் அம்மா. உலோகப் பாதரசத்தைக் குடல் ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை, மலத்தோடு போய்விடும். கண்ணாடிச் சில்லும் உள்ளே போயிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். நான் அஞ்சுவது ஆவிக்குத்தான். மூச்சில் போகும் பாதரச ஆவியில் சுமார் 80 சதவீதத்தை உடல் ஏற்றுக்கொள்ளும். ஆகவே துடைப்பத்தைத் தொடவே தொடாதீர்கள். துளிகள் சிதறி ஆவி கூடும். குழந்தையை வெளியே அனுப்பி, மின்விசிறியை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். டார்ச் விளக்கைத் தரையோடு சாய்த்துப் பிடித்தால் துளிகள் மின்னும். கெட்டி அட்டையால் அவற்றைச் சேர்த்து, மூடியுள்ள பாட்டிலில் அடையுங்கள். சாக்கடையில் மட்டும் கொட்டிவிடாதீர்கள்.

ராணிப்பேட்டை தோல் கழிவிலும் பாதரசம் உண்டா? (வாலாஜா)

அங்கே பிரச்சினை குரோமியம். அது வேறு நஞ்சு, வேறு பரிசோதனை.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறாப் புட்டு கொடுப்பது எங்கள் வழக்கம். பாதரசம் இருக்கும் என்கிறார்களே? (குடியாத்தம்)

இருக்கும். சாக்கடை வழியே நீர்நிலை சேரும் பாதரசத்தை, சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் மெத்தில் பாதரசம் என்ற, குடல் எளிதில் உறிஞ்சிக்கொள்ளும் வேறு வடிவமாக மாற்றுகின்றன. சிறு மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அது உடலில் சேர்ந்துகொண்டே போகும். சுறா, வஞ்சிரம் போன்ற பெரிய வேட்டை மீன்களில் அதிகம். தசைப் புரதத்தோடு ஒட்டியிருப்பதால் கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது. ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவோடு கடலில் கலந்த மெத்தில் பாதரசம் மீன் வழியாக மக்களைத் தாக்கியது. 1956இல் அந்த நோய் வெளியே தெரிவதற்கு முன்பே மீன் தின்ற பூனைகள் வலிப்பு வந்து செத்தன. தனக்குப் பெரிய உபாதை இல்லாத தாய்க்கும் மூளை பாதித்த குழந்தை பிறந்தது. நஞ்சுக்கொடியைக் கடந்து கருவின் மூளையைத் தொட்டுவிடும் நஞ்சு அது. கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் சுறாவைத் தவிர்த்துவிடுங்கள். மீனையே விட வேண்டாம். மத்தியும் நெத்திலியும் தாராளமாகச் சாப்பிடலாம்; கருவின் மூளை வளர்ச்சிக்கு மீன் நல்லது.

கடையில் வாங்கிய சிவப்பழகு க்ரீமால் தங்கையின் நிறம் வேகமாக வெளுத்தது. இப்போது கால் வீங்குகிறது. (ஆற்காடு)

இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைத் தடுக்கப் பாதரச உப்புகளைச் சேர்க்கும் க்ரீம்கள் விற்பனையில் இருக்கின்றன. அவை தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கால் வீக்கமும் நுரைத்த சிறுநீரும் அதன் அடையாளங்களாக இருக்கலாம். க்ரீம் டப்பாவையும் எடுத்துக்கொண்டு சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரில் புரதத்தோடு பாதரச அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் பயன்படுத்திய துண்டு, தலையணை உறையைக் குழந்தைகள் தொட வேண்டாம்.