சென்னையில் பி.ஏ. வரலாறு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பட்டப்படிப்புச் சேர்க்கை நேரம் என்பதால் இந்த முறை வரலாறு படிப்பவர்கள், படிக்கப்போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். கல்லூரியில் வரலாறு கற்பிப்பவர்கள் பதில் சொல்கிறார்கள்.

மகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்தவள். சென்னையில் பி.ஏ. வரலாறு சேர்க்கிறோம். ஆங்கிலவழிதான் மதிப்பு என்கிறார்களே?
– ஒரு தாய், திண்டிவனம்

மதிப்பு இருக்கட்டும். மகளுக்கு அரசு வேலை எண்ணம் உண்டா என்று முதலில் கேளுங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் அதைத் திருத்தினார்கள். பட்டத்தைத் தகுதியாகக் கேட்கும் குரூப் 1, குரூப் 2 போன்ற பணிகளுக்குப் பட்டம் மட்டும் தமிழ்வழியில் இருந்தால் இப்போது போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். உங்கள் மகளிடம் 12 ஆண்டுத் தகுதி கையில் இருக்கிறது. ஆங்கிலவழிப் பிரிவில் சேர்ந்தால் இந்தப் பணிகளுக்கு அது வீணாகிவிடும். ஆங்கிலவழியில் சேர்ந்துவிட்டுத் தேர்வை மட்டும் தமிழில் எழுதினாலும் கணக்கில் வராது. பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். எனவே சேரும்போதே பிரிவின் பயிற்றுமொழியை எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தமிழ்வழிச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். ஐந்து வருடம் கழித்து அலைவது பெரும்பாடு.

ஆங்கிலத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. முதுகலைக்கு வெளி மாநிலம் போவதானால் அது கட்டாயம் வேண்டும். இரண்டாம் பருவத்திலிருந்து வாரம் ஒரு ஆங்கிலக் கட்டுரை படிக்கட்டும். 20 பக்கக் கட்டுரையில் முதல் இரண்டு பக்கம், கடைசி இரண்டு பக்கம், பிறகு நடுப்பகுதி என்ற வரிசையில் படித்தால் வாதம் பிடிபடும்.

பக்கம் பக்கமாக எழுதினாலும் 10 மதிப்பெண் கேள்விக்கு 5, 6தான் விழுகிறது. ஏன்?
– இரண்டாம் ஆண்டு மாணவர், வியாசர்பாடி

கேட்டது ஒன்று, எழுதியது வேறொன்றாக இருக்கலாம். ‘1806 வேலூர்ப் புரட்சிக்கான காரணங்களை ஆராய்க’ என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஏழு விடைத்தாள்கள் ஜூலை 10 விடியற்காலைத் தாக்குதலில் தொடங்கி, ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரையில் வந்து சேர்வதில் முடியும். அது நடந்த கதை. கேள்வியோ காரணத்தைக் கேட்கிறது. புதிய தலைப்பாகை, சாதி, சமயக் குறிகளுக்கும் தாடிக்கும் வந்த தடை, மே மாதமே மறுத்த சிப்பாய்களுக்கு விழுந்த சவுக்கடி, வேலூர்க் கோட்டைக்குள்ளேயே வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகள் ஆகியவை வர வேண்டும். இவற்றை வரிசையாக அடுக்கினால் 6 கிடைக்கும். உடைக் கட்டுப்பாடு உடனடிக் காரணமா, திப்புவின் குடும்பத்தை முன்வைத்த அரசியல் திட்டம் ஏற்கெனவே இருந்ததா என்று எடைபோட்டு, ஆளுநர் பென்டிங்கும் தளபதி கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டது எதைக் காட்டுகிறது என்று ஒரு பத்தி எழுதினால் 8க்கு மேல் போகும்.

அடுத்தது நேரம். 75 மதிப்பெண் தாளுக்கு 180 நிமிடம். மூன்று 10 மதிப்பெண் விடைகளுக்கு 25 நிமிடம் வீதம் 75, ஐந்து 5 மதிப்பெண் விடைகளுக்கு 11 நிமிடம் வீதம் 55, பத்து 2 மதிப்பெண் விடைகளுக்கு 3 நிமிடம் வீதம் 30 என்று வைத்தால் 20 நிமிடம் மிஞ்சும். பெரும்பாலோர் 2 மதிப்பெண் விடைக்கே அரைப் பக்கம் எழுதி அந்த 20 நிமிடத்தைத் தொலைக்கிறார்கள். உங்கள் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரியானால் வினாத்தாள் அமைப்பு மாறலாம், பழைய தாளைப் பார்த்துக் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.

கல்வெட்டிலும் பழைய பத்திரத்திலும் வரும் ஆண்டுகளை எப்படி மாற்றுவது?
– மாணவி, தாம்பரம்

கல்வெட்டில் வரும் சக ஆண்டோடு 78, பத்திரத்தில் வரும் பசலியோடு (ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டு) 590 கூட்டுங்கள். பசலி 1310 என்றால் 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை. அதை வெறுமனே 1900 என்று எழுதினால் பாதி ஆண்டு தவறும். அரசன் பட்டமேறியதிலிருந்து எண்ணும் ஆட்சியாண்டில்தான் வழுக்கல் அதிகம். முதலாம் ராஜராஜன் 985இல் பட்டம் ஏறினான், 29ஆம் ஆண்டு என்றால் 985உடன் 28தான் கூட்ட வேண்டும், முதல் ஆண்டே 985 அல்லவா! ஆகவே 1013–14.

ஆறாம் பருவத் திட்டக் கட்டுரைக்கு ‘சோழர் ஆட்சிமுறை’ எடுத்திருக்கிறேன். எங்கே சான்று தேடலாம்?
– மூன்றாம் ஆண்டு மாணவர், ராயபுரம்

தலைப்பை இன்றே மாற்றுங்கள். 40 பக்கத்தில் சோழர் ஆட்சிமுறை எழுத முனைந்தால் நான்கு பாடநூல்களின் சுருக்கம்தான் வரும். ஒரே இடம், குறுகிய காலம், ஒரே வகைச் சான்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சோழரை விட மனமில்லை என்றால் உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இரண்டையும் மட்டும் ஒப்பிடுங்கள், குடவோலை விதி இரண்டு ஆண்டில் எங்கெங்கே மாறுகிறது என்பதே ஒரு கட்டுரை. உங்கள் பகுதிக்குப் பக்கத்திலேயே வேண்டுமானால் 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தம் இருக்கிறது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்க 1877–78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டிய பக்கிங்காம் கால்வாய்த் துண்டும் நல்ல தலைப்பு.

எழும்பூரில் இறங்கினால் கன்னிமரா நூலகமும் பழைய அரசுக் கோப்புகள் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் நடந்து போகும் தூரம். முதலில் கன்னிமராவில் அச்சிட்ட நூல்களைப் பாருங்கள். மாவட்டக் கையேடு, கெசட்டியர் (மாவட்ட விவரச்சுவடி), மக்கள்தொகைக் கணக்கு அறிக்கை மூன்றையும் முடிக்காமல் காப்பகத்துக்குப் போனால் என்ன கேட்பது என்றே தெரியாது. காப்பகத்தில் ஆய்வு அனுமதிக்கு விண்ணப்பத்தோடு துறைத் தலைவர் கடிதமும் வேண்டும். கோப்பை நேரடியாகக் கேட்க முடியாது. அந்த ஆண்டு, அந்தத் துறையின் அட்டவணைத் தொகுதியில் அரசாணை எண்ணையும் தேதியையும் கண்டுபிடித்துச் சீட்டு எழுதித் தர வேண்டும். அட்டவணையில் இன்றைய பெயரைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. தஞ்சாவூர் ‘டாஞ்சூர்’, காஞ்சிபுரம் ‘கஞ்சீவரம்’. தூத்துக்குடி மாவட்டம் 1986இல் பிறந்தது, அதற்கு முந்தைய கோப்புகள் திருநெல்வேலியின் கீழ் இருக்கும், அதுவும் ‘டின்னவெல்லி’ என்ற எழுத்தில். குறிப்பெடுக்கும்போதே துறை, அரசாணை எண், தேதி மூன்றையும் தாளின் தலையில் எழுதுங்கள். விட்டால் அடிக்குறிப்புக்காக மறுபடி ஒரு நாள் போகும்.

பழைய தமிழ் இதழ், துண்டறிக்கை வேண்டுமென்றால் தரமணி ரோஜா முத்தையா நூலகம்.

வரலாறு படித்துவிட்டு ஆசிரியர் ஆகலாமா?
– வாசகர், செங்கல்பட்டு

பி.ஏ. மட்டும் போதாது. இரண்டாண்டு பி.எட்., அதோடு ஆசிரியர் தகுதித் தேர்வு. மேல்நிலை வகுப்புக்கு முதுகலையும் பி.எட்.டும். கல்லூரிக்கு முதுகலைக்குப் பின் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு).

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வகுப்போடு போக எந்த நாள் நல்லது?
– ஒரு விரிவுரையாளர், மயிலாப்பூர்

வெள்ளி விடுமுறை, செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகமும் அன்று மூடியிருக்கும். செவ்வாய், புதன் காலையில் போனால் அமராவதிச் சிற்பங்களின் முன் நின்று பேச இடம் கிடைக்கும்.