கோடையில் ஏரி மீன் ஏன் தூண்டிலைத் தொடுவதில்லை?

கேள்வி: மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தை, மாசியில் ஏரியில் தூண்டில் போட்டால் ஜிலேபியும் கெண்டையும் நன்றாகக் கிடைக்கும். சித்திரை பிறந்தால் ஒன்றும் கடிப்பதில்லை. வெயிலுக்குப் பயந்து விடியும் முன்பே போய் உட்கார்கிறேன். அப்போதும் தக்கை அசைவதில்லை. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது மட்டும் தெரிகிறது. இரையை மாற்ற வேண்டுமா?

பதில்: இரையில் குறை இல்லை, நீங்கள் போகும் நேரத்தில்தான் இருக்கிறது. வாயைத் திறந்து மூடும் அந்த மீன்கள் இரை தேடவில்லை, மூச்சுக்குத் தவிக்கின்றன.

தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். இதோடு நம் ஏரிகளில் இன்னொரு சங்கதியும் உண்டு. கோடையில் தண்ணீர் வற்றிப் பச்சையாக மாறுகிறதே, அது பாசி. பகலில் வெயில் பட்டுப் பாசி ஆக்சிஜனை வெளியிடும். இரவில் அதுவும் மீனைப் போலவே ஆக்சிஜனை இழுக்கும். அடிச் சேற்றில் அழுகும் இலைதழையும் தன் பங்குக்கு இழுக்கும். இப்படி இரவெல்லாம் குறைந்துகொண்டே வந்து, விடிவதற்குச் சற்று முன்தான் ஏரி மிக மோசமான நிலையில் இருக்கும். மூச்சு முட்டும் மீன் எந்த இரையையும் சீந்தாது. ‘கருக்கலில் போ’ என்பது தெளிந்த தண்ணீருக்கும் மழைக்காலத்துக்கும் சரி. பச்சைத் தண்ணீர் ஏரிக்குச் சித்திரையில் பொருந்தாது.

சூரியன் ஏறி ஒரு மணி நேரம் கழித்துத் தூண்டிலைப் போடுங்கள். ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை நல்ல நேரம். பத்துக்கு மேல் மேல்தண்ணீர் கொதிக்கும்; அடித்தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தாலும் அங்கே காற்று இருக்காது. மீன்கள் இரண்டுக்கும் நடுவே அசையாமல் நிற்கும். அந்த நேரத்தில் மெனக்கெட வேண்டாம். மறுபடி நாலரை மணிக்கு வாருங்கள். உங்கள் பக்கம் மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும். அது எந்தக் கரையில் அலையை மோத விடுகிறதோ அங்கே தண்ணீர் கலங்கி ஆக்சிஜன் சேரும், மிதக்கும் பூச்சிகளும் ஒதுங்கும். அங்கே இடுப்பளவாவது தண்ணீர் இருந்தால் மாலையில் அந்த இடம்தான். முழங்காலளவு என்றால் மதகுப் பக்கமே நல்லது.

எல்லா மீனுக்கும் ஒரே ஆழத்தில் போடுவதும் பலன் தராது. கெண்டை வகையில் கட்லா மேல்மட்டத்தில் மேயும், அதன் வாயே மேல்நோக்கித்தான் இருக்கும். தக்கைக்குக் கீழே ஒரு முழம் தூண்டில் நரம்பு போதும். ரோகு நடுத்தண்ணீரில் திரியும். மிர்கால் தரை மேயும் மீன். மூன்றுக்கும் தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்த உருண்டை ஏற்றது. கோடையில் உருண்டை சீக்கிரம் கரையும், புளிக்கவும் செய்யும். சிறிதாக உருட்டி அடிக்கடி மாற்றுங்கள். ஜிலேபிக்கு மண்புழுவும் சிறிய தூண்டில் முள்ளும். முள்ளின் எண் பெரிதானால் முள் சிறிதாகும் என்பதைக் கடையில் நினைவில் வையுங்கள். 8, 10 எண் முள் சரியாக இருக்கும். வாயில் முட்டையோ குஞ்சோ வைத்திருக்கும் பெண் ஜிலேபி தின்னாது. கரையோரம் வட்டக் குழி பறித்துக் காவல் இருக்கும் ஆண்தான் கடிக்கும்.

விரால் இந்தக் கணக்குக்குள் வராது. அது மேலே வந்து காற்றையே சுவாசிக்கும் மீன், தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் தாங்கும். மற்றவை முடங்கிக் கிடக்கும் மதியத்திலும் ஆகாயத்தாமரை, காட்டாமணக்கு நிழலில் விரால் கிடைக்கும். மூச்சு விட மேலே வரும்போது தண்ணீர் வளையமாகக் கலையும். வளையத்தின் மேலேயே போடாமல் சற்று முன்னால் இரை விழும்படி போடுங்கள். செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே கொதித்தாற்போல் தெரிந்தால் அடியில் தாயும் தந்தையும் காவல் நிற்கும். கிட்டே வரும் எதையும் பாய்ந்து கடிக்கும் என்பதால் அப்போது பிடிப்பது மிகச் சுலபம். தயவுசெய்து பிடிக்காதீர்கள். காவல் போனால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும், அடுத்த ஆண்டு உங்கள் ஏரியில் விரால் குறையும்.

கோடை மழை பெய்த மறுநாள் நீர்வரத்துக் கால்வாய் வாய்க்குப் போங்கள். புதுத்தண்ணீர் லேசாக ஓடி வந்தால் மீன் அங்கே கூடும். கொட்டித் தீர்த்த மழை என்றால் வேறு கதை. அடிச்சேறு கிளம்பி ஆக்சிஜன் சரிந்து மீன் செத்தும் மிதக்கும். காலையில் கூட்டம் கூட்டமாக மேலே தவிப்பது தெரிந்தால் தூண்டிலைச் சுருட்டிவிட்டு, ஏரியைக் குத்தகை எடுத்தவரிடம் சொல்லுங்கள். மீன் பிடிக்கவும் அவரிடமோ ஊராட்சியிலோ முதலில் கேட்டுவிடுங்கள்.

தண்ணீர் வற்றும்போது வண்டல் அள்ளிய குழிகளில் மீன் ஒதுங்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குழிகள் செங்குத்தாக இறங்கும், விளிம்புச் சேறு வழுக்கும், நீச்சல் தெரிந்தவர்களே சிக்கிக்கொள்கிறார்கள். உறுதியான கரையில் நின்று நீளமாக வீசுங்கள். உள்ளே இறங்கவே இறங்காதீர்கள்.

அப்புறம், அடிமட்டத்தில் மண்புழு போட்டால் தேளி மீனும் ஏறும். அதன் பக்கத் துடுப்பு முள்ளில் விஷம் உண்டு. துணியால் அழுத்திப் பிடித்து, இடுக்கியால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். குத்திவிட்டால் கை தாங்கும் அளவு வெந்நீரில் குத்திய இடத்தை வைத்திருங்கள், வலி இறங்கும். வீக்கம் ஏறினால் உடனே மருத்துவரிடம் போங்கள்.