அமிலத் தொட்டி முதல் மொட்டைமாடி வரை: சோலார் பேனல் கேள்வி பதில்

பேனலுக்குள் வெயிலை மின்சாரமாக்கும் சில்லுதான் செல்; அந்த சோலார் செல் ஆலையில் அமிலப் பிரிவில் பதினொரு வருடம் வேலை பார்த்தவன் நான். இப்போது மாடியில் பேனல் போடுகிறவர்களுக்கு ஆலோசனை சொல்கிறேன். பேனல் தயாரிப்பதால் சுற்றுச்சூழலுக்கு என்ன கேடு என்று கேட்டவர்களில் சிலருக்கு இங்கே பதில்.

செல்வி, திண்டுக்கல்: சார், பேனலை மணலில் இருந்து செய்கிறார்களாமே. ஆற்று மணல் கொள்ளை இன்னும் அதிகமாகாதா?

ஆகாதும்மா. செல்லைச் செய்வது சிலிக்கான் என்ற தனிமத்தில். அதற்கு வேண்டியது குவார்ட்ஸ் கல். அதை நிலக்கரி, மரச்சில்லுகளோடு மின் உலையில் போட்டு 1,900 டிகிரி வாக்கில் உருக்குகிறார்கள். கல்லில் இருக்கும் ஆக்சிஜனைக் கரி பிடுங்கிக்கொண்டு புகையாகப் போகும், சிலிக்கான் தங்கும். சூடேற்றுவதற்கு மின்சாரம் இருந்தாலும் இந்த வினைக்குக் கரி வேண்டும். பேனலின் எடையில் முக்கால்வாசி கண்ணாடிதான். அதற்கு மணல் உண்டு, ஆனால் அது இரும்பு குறைந்த சிலிக்கா மணல்.

கார்த்திக், கோவை: அண்ணே, ஒரு பேனல் செய்யப் பிடிக்கும் கரண்ட்டை அது ஆயுசுக்கும் திருப்பித் தராது என்று ஆபீஸில் ஒருத்தர் அடித்துச் சொல்கிறார்.

அவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள் தம்பி. 540 வாட் பேனல் ஒன்றுக்கு, சிலிக்கான் பாளத்தைச் சில்லுகளாக அறுக்கும்போது தூளாகப் போவதையும் சேர்த்து, ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ சுத்த சிலிக்கான் பிடிக்கும். ஒரு கிலோவைச் சுத்தம் செய்ய சுமார் 60 யூனிட். ஆக, 75 யூனிட். நம் வெயிலுக்கு அந்தப் பேனல் நாளொன்றுக்கு 2 யூனிட் தரும். அந்தக் கடன் நாற்பது நாளில் அடைந்துவிடும். அப்புறம் சிலிக்கானை உருக்கிப் பாளமாக இழுப்பது, கண்ணாடி, அலுமினியச் சட்டம் எல்லாம் சேர்த்தாலும் ஒரு வருடத்தை ஒட்டித்தான் வரும். பேனல் உழைப்பது இருபத்தைந்து வருடம்.

ஆனால் அவர் பேச்சை முழுசாகத் தள்ளிவிட முடியாது. அந்த 75 யூனிட் எங்கே இருந்து வந்தது? பேனல் தயாரிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் உலக உற்பத்தியில் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவிடம் இருக்கிறது. இந்தத் தொழில் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் மின்சாரத்தில் 60 சதவீதத்துக்கு மேல் நிலக்கரியில் இருந்து வருவதாக சர்வதேச எரிசக்தி முகமை 2022-ல் சொன்னது. வெளியான கரிப்புகையை ஈடுகட்டப் பேனல் 4 முதல் 8 மாதம் ஓடினால் போதும் என்பதும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது.

மும்தாஜ், நாகை: சீனாவில் சோலார் கழிவை வயலில் கொட்டினார்கள் என்று படித்தேன். உண்மையா?

உண்மைதாம்மா. உலையில் வரும் சிலிக்கானில் சுத்தம் பத்தாது, பேனலுக்கு ஆகாது. ஹைட்ரஜன் குளோரைடோடு சேர்த்து அதை ட்ரைகுளோரோசிலேன் என்ற திரவமாக்கி, சாராயம் வடிப்பது மாதிரி வடித்து, பழுக்கக் காய்ந்த மெல்லிய கம்பிகளின் மேல் திரும்ப சிலிக்கானாகப் படியவைக்க வேண்டும். இதில் ஒரு கிலோவுக்கு மூன்று நான்கு கிலோ சிலிக்கான் டெட்ராகுளோரைடு என்ற கழிவு மிஞ்சும். ஈரம் பட்டால் போதும், அமிலப் புகையாகக் கிளம்பும்.

அதைத் திரும்ப மூலப்பொருளாக மாற்ற வழி இருக்கிறது, அதற்குத் தனி எந்திரமும் கூடுதல் மின்சாரமும் வேண்டும். 2008 வாக்கில் சிலிக்கான் விலை விண்ணைத் தொட்டது. மாற்றும் எந்திரம் வரும்வரை காத்திருக்க யாருக்குப் பொறுமை? ஹெனான் மாகாணத்தில் கௌலொங் கிராமத்து மண்ணில் கழிவைக் கொட்டி, நிலம் வெள்ளை பூத்துக் கிடந்தது அந்த வருடம்தான் வெளியே வந்தது. 2011-ல் 98.5 சதவீதக் கழிவையாவது மீட்க வேண்டும் என்று சீன அரசு விதி போட்டது. கழிவை மாற்றி உபயோகிப்பது லாபம் என்று ஆலைகளுக்கே பிறகு புரிந்துவிட்டது.

அதே 2011 செப்டம்பரில் ஜெஜியாங் மாகாணத்து ஹைனிங்கில் மீன்கள் செத்து மிதக்க, ஊரே திரண்டு சோலார் ஆலை வாசலில் நின்றது. அங்கே தண்ணீரில் கலந்தது புளோரைடு. அது நான் புழங்கிய சரக்கு. செல்லைக் கழுவும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் சில சமயம் உடனே எரியாது. கையுறையில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தது தெரியாமல் என் கூட்டாளி ஒருவர் ஷிப்ட் முடித்து வீட்டுக்குப் போய்விட்டார். ராத்திரி விரல் நுனியில் வலி, தூக்கமே இல்லை. உள்ளே இறங்கி எலும்பில் இருக்கும் கால்சியத்தைப் பிடிக்கிற அமிலம் அது. அதனால்தான் அந்தப் பிரிவில் கால்சியம் களிம்பு எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். அந்த அமிலம் கலந்த கழிவுத் தண்ணீரைச் சுண்ணாம்பு போட்டு முறிக்காமல் ஓடையில் விட்டால் மீன் என்ன செய்யும்?

ராஜா, ஓசூர்: பேனலுக்காக அரிய மண் உலோகங்களைத் தோண்டுகிறார்கள், சரிதானே?

சிலிக்கான் பேனலில் அது கிடையாது. வெள்ளி உண்டு, செம்பு உண்டு. நீங்கள் சொல்வது சில காற்றாலைகளின் காந்தத்தில் இருக்கிறது.

தேவி, ஸ்ரீபெரும்புதூர்: எங்கள் பக்கம் பிள்ளைப்பாக்கத்தில் காட்மியம் பேனல் ஆலை வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா சார்?

2024 ஜனவரியில் திறந்த ஃபர்ஸ்ட் சோலார் ஆலையைச் சொல்கிறீர்கள். அது வேறு ஜாதி. சிலிக்கானே இல்லாததால் மேலே சொன்ன குளோரின் சமாச்சாரம் அங்கே வராது. துத்தநாகம் உருக்கும்போது உபரியாகக் கிடைக்கும் காட்மியம் என்ற நச்சு உலோகத்தை டெல்லூரியம் என்ற தனிமத்தோடு சேர்த்து, இரண்டு கண்ணாடிக்கு நடுவே முடியைவிட மெல்லிய படலமாகப் பூசுகிறார்கள். சேர்மமாக இருக்கும்போது அது தண்ணீரில் லேசில் கரையாது. ஆலைக்குள் தூசியைப் பிடிப்பதும், ஆயுசு முடிந்த பேனலைத் திரும்ப வாங்குவதும் ஒழுங்காக நடக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருங்கள். எனக்கு ஆலையைவிடக் காயலான் கடையைப் பார்த்தால்தான் பயம்.

பாண்டி, விருதுநகர்: காற்றில் விழுந்து உடைந்த பேனல் ஒன்று மாடியில் கிடக்கிறது. ஈயம் வழியுமா? எடைக்குப் போடலாமா?

செல்களை இணைக்கும் பற்றாசில் சில கிராம் ஈயம் இருக்கும். உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் இருப்பது கிலோக் கணக்கு. அதனால் பதற வேண்டாம். ஆனால் மழையில் மாசக்கணக்கில் போடாதீர்கள், தார்ப்பாய் போட்டு மூடுங்கள்.

எடைக்குப் போட்டால் என்ன நடக்கும் என்று நேரில் பார்த்திருக்கிறேன். அலுமினியச் சட்டத்தைக் கடப்பாரையால் நெம்பிக் கழற்றுவார்கள், பின்பக்கத்துச் செம்பு ஒயரை வெட்டிக்கொள்வார்கள். மிச்சம்? நொறுங்கிய கண்ணாடியும் செல்லும் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு, ஈரச் சாக்கு மாதிரி தொய்ந்து கிடக்கும். அதைப் பிரிக்க ஆளும் இல்லை, வாங்க ஆளும் இல்லை. நான் பார்த்தவை கண்மாய்க் கரைக்குப் போயின. 2022-ல் வந்த மின்னணுக் கழிவு விதிகளில் சோலார் பேனலும் உண்டு, பொறுப்பு தயாரிப்பாளருடையது. பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைப் படம் எடுத்து, பில்லோடு சேர்த்துக் கம்பெனிக்கு எழுதுங்கள். முதல் கடிதத்துக்குப் பதில் வராது, இரண்டாவதும் எழுதுங்கள்.