காந்தப்புலமும் ஓடுற சார்ஜும்: கேளுங்க, சொல்றேன்

ப்ளஸ் டூ பசங்களுக்கு சென்னையில பிசிக்ஸ் டியூஷன் எடுக்குறேன். காந்தவியல் பாடத்துல எந்த டவுட்டா இருந்தாலும் கேளுங்க.

வியாசர்பாடி, ப்ளஸ் டூ: அண்ணா, காந்தப்புலம் விசை குடுக்குதுன்னு சொல்றாங்க, ஆனா அது செய்யுற வேலை சைபர்னும் போட்டிருக்கு. விசை இருந்தா ஸ்பீடு கூடணும்ல?

விசை இருக்குப்பா, ஆனா அது எப்பவுமே பக்கவாட்டுல தான், துகள் போற திசைக்கும் செங்குத்து, பீல்டுக்கும் செங்குத்து, அதனால முன்னாடி தள்ளவும் செய்யாது பின்னாடி இழுக்கவும் செய்யாது, திசையை மட்டும் திருப்பிக்கிட்டே இருக்கும். இந்த ஒண்ணு மனசுல நின்னுட்டா பாதி பாடம் முடிஞ்சுது. கணக்கா பாரு. 0.5 டெஸ்லா (காந்தப்புலத்தோட அலகு) பீல்டுல செங்குத்தா ஒரு புரோட்டான் நொடிக்கு 10 லட்சம் மீட்டர்ல நுழையுதுன்னா சுமார் 2.1 செ.மீ ஆரத்துல வட்டமடிக்கும். ஸ்பீடை ரெட்டிப்பாக்குனா ஆரமும் ரெட்டிப்பாகும், ஆனா ஒரு சுத்துக்கு ஆகுற நேரம் மாறவே மாறாது, ஏன்னா தூரமும் ரெண்டு மடங்கு வேகமும் ரெண்டு மடங்கு. எனக்கு இந்தப் பாடத்துலயே ரொம்பப் பிடிச்ச இடம் இது தான். சார்ஜ் உள்ள துகளை வட்டமா சுத்தவிட்டு ஸ்பீடு ஏத்துற சைக்ளோட்ரான்ங்கிற கருவியை அமெரிக்க விஞ்ஞானி லாரன்ஸ் இதை வச்சுத் தான் கட்டினாரு, 1939ல நோபல் பரிசும் வாங்கினாரு. அதுலயும் ஸ்பீடை ஏத்துறது மின்புலம், காந்தத்துக்கு திருப்புற வேலை மட்டும் தான். ஒளியோட வேகத்தை நெருங்குனா இந்தக் கணக்கு அப்படியே நிக்காது, அது வேற கதை.

பெரம்பூர், நீட் எழுதப்போறவங்க: எலக்ட்ரான் கணக்குல இடதுகை விதி போட்டா விடை எப்பவும் தலைகீழா வருது சார்.

அந்த விதியில ஆள்காட்டி விரல் பீல்டு, நடுவிரல் மின்னோட்டம், கட்டைவிரல் விசை. நீங்க நடுவிரலை எலக்ட்ரான் போற பக்கமே நீட்டுறீங்கம்மா. நடுவிரல் காட்ட வேண்டியது மின்னோட்டத்தோட திசை, அதனால எலக்ட்ரான் போறதுக்கு எதிர்ப்பக்கம் நீட்டணும்.

போரூர்: காந்தத்துக்குப் பக்கத்துல சும்மா ஒரு சார்ஜை வச்சா?

அசையாம இருந்தா காந்தவிசை கிடையாது. பீல்டு போற திசையிலயே ஓடுனாலும் கிடையாது. சாய்வா நுழைஞ்சா தான் சுத்திக்கிட்டே முன்னாடியும் நகரும், ஸ்பிரிங் மாதிரி பாதை.

நங்கநல்லூர், பையனோட அப்பா: பூமியோட காந்தப்புலம் நம்ம சென்னையில எதையாவது திருப்புதா சார்?

நல்லாவே திருப்புது சார். இங்க பீல்டு ஏறக்குறைய 40 மைக்ரோ டெஸ்லா தான், ஆனா காந்த நடுக்கோடு (பூமியோட பீல்டு தரைக்கு இணையா படுத்திருக்கிற கோடு) இந்தியாவோட தென்கோடி வழியா போறதால நமக்கு அது கிட்டத்தட்ட படுக்கையா வடக்கு பார்த்து இருக்கு. விண்வெளியில இருந்து வர்ற காஸ்மிக் கதிர்ல பெரும்பாலும் புரோட்டான் தான், அது மேல இருந்து நேரா கீழ வருதுன்னு வச்சுக்கோங்க, பையனை விட்டு இடதுகையை நீட்டச் சொல்லுங்க, ஆள்காட்டி விரல் வடக்கு, நடுவிரல் தரை, கட்டைவிரல் கிழக்கைக் காட்டும். அந்தப் பக்கம் தான் தள்ளுது, அப்போ கதிர் மேற்குல இருந்து கிழக்கா சாய்ஞ்சு வரும். அதனால தான் நடுக்கோட்டுப் பகுதியில மேற்குல இருந்து வர்ற கதிர் கிழக்குல இருந்து வர்றதை விட அதிகமா இருக்கு, 1930கள்லயே இதை அளந்து தான் அந்தக் கதிர்ல பெரும்பாலும் பாசிட்டிவ் சார்ஜ்னு கண்டுபிடிச்சாங்க.